ஒரே கூரை, இரண்டு குடித்தனம்: மைக்ரோகன்ட்ரோலர் குடியேறிய எஃப்.பி.ஜி.ஏ.க்களின் கதை

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். சின்னச் சின்ன இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்து விற்பவர். புதிதாக வரையும் பலகையில் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும், பக்கத்திலேயே ஒரு சிறிய எஃப்.பி.ஜி.ஏ.வும் வைத்திருந்தார். "ஏம்ப்பா, இப்பதான் ரெண்டும் ஒரே சில்லுல வருதே, அதையே எடுத்துடலாமா? இடமும் மிச்சம், காசும் மிச்சம்" என்றார். "எடுக்கலாம், ஆனா எனக்கு ஒரு நாள் டைம் குடுங்க" என்றேன்.

தயங்கியதற்குக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய இயந்திரம் நின்று போனது. மோட்டார் நன்றாக இருந்தது, இரும்பு நன்றாக இருந்தது. பலகையில் இருந்த ஒரே ஒரு சில்லு செத்துவிட்டது. அது இப்படி இரண்டும் கலந்த ரகம். புதிது வாங்கலாம் என்றால் உற்பத்தியை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். எங்கேயோ தேடி ஒன்றைப் பிடித்தோம், அதில் நிரலை ஏற்ற வேண்டிய மென்பொருள் பழைய கணினியில்தான் ஓடும் என்றது, அதற்கும் உரிமம் காலாவதி. கடைசியில் பலகையையே முதலில் இருந்து வரைந்தோம். மூன்று மாதம் போனது. எந்த நிறுவனத்துச் சில்லு என்பது இங்கே முக்கியம் இல்லை. அந்தக் காலத்தில் இந்த ரகத்தில் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் ஏறத்தாழ இதே கதைதான் நடந்திருக்கும். அது ஏன் என்று நண்பருக்காக எழுதிய குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

இரண்டு விதமான வேலைக்காரர்கள்

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரு ஆள் சமையல் மாதிரி. கட்டளைப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து ஒவ்வொன்றாகச் செய்யும். ரொம்ப வேகமாகச் செய்வதால் பல வேலையை ஒரே நேரத்தில் செய்வது போலத் தோன்றும். எஃப்.பி.ஜி.ஏ. வேறு ஜாதி. அதற்குள் கட்டளைப் பட்டியலே கிடையாது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அட்டவணைகள் இருக்கும். நாலு உள்ளீடு உள்ள ஒரு அட்டவணையில் 16 நினைவுப் புள்ளிகள். எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை என்று அந்தப் பதினாறையும் நிரப்பிவிட்டால், அது நாம் விரும்பிய எந்தத் தர்க்கச் சுற்றாகவும் நடந்துகொள்ளும். அட்டவணைகளை இணைக்கும் கம்பிகளையும் அதே மாதிரி நாமே தீர்மானிக்கலாம். அதாவது நாம் எழுதுவது நிரல் இல்லை, வயரிங்.

ஒரு உதாரணம். ஆறு மோட்டார்கள், ஒவ்வொன்றின் அச்சிலும் ஒரு என்கோடர். அச்சு சுழலும்போது அது இரண்டு கம்பியில் துடிப்புகளை அனுப்பும். எது முந்துகிறது என்பதை வைத்துச் சுழலும் திசையும், எண்ணிக்கையை வைத்து நகர்ந்த தூரமும் தெரியும். ஒரு துடிப்பைத் தவறவிட்டால் இயந்திரம் தான் இருக்கும் இடத்தையே தப்பாக நினைத்துக்கொள்ளும். விநாடிக்கு லட்சக்கணக்கில் துடிப்பு வந்தால் சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாமல் திணறும். எஃப்.பி.ஜி.ஏ.வில் மோட்டாருக்கு ஒன்றாக ஆறு எண்ணிகளை வயரிங் செய்துவிடலாம், ஆறும் ஒரே கணத்தில் எண்ணும். ஆனா அதே எஃப்.பி.ஜி.ஏ.விடம் திரையில் மெனு காட்டு, மெமரி கார்டில் கோப்பு எழுது என்று சொல்லிப் பாருங்கள். செய்ய வைக்கலாம், நம் உயிர் போய்விடும்.

ஆக இரண்டையும் சேர்த்து வைப்பது இயல்பான ஆசை. பலகையில் தனித்தனியாக வைத்தால் நடுவே கம்பிகள் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் கால்கள் வீணாகும், பேச்சும் மெதுவாகும். ஒரே சில்லுக்குள் வைத்தால் இது எதுவும் இல்லை. காகிதத்தில் குறையே சொல்ல முடியாத கல்யாணம்.

1985: வீணடிக்கத் துணிந்தவர்

எஃப்.பி.ஜி.ஏ.வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஸைலிங்ஸ் நிறுவனம். ராஸ் ஃப்ரீமன், பெர்னார்ட் வாண்டர்ஷ்மிட், ஜிம் பார்னெட் மூவரும் 1984இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அடுத்த வருஷமே எக்ஸ்.சி.2064 வெளிவந்தது. அதில் இருந்த தர்க்கக் கட்டங்கள் வெறும் 64.

ஃப்ரீமன் அதற்கு முன் வேலை பார்த்த இடம் ஸைலாக், அதாவது புகழ்பெற்ற இஸட்80 நுண்செயலியைச் செய்த நிறுவனம். செயலி வீட்டில் இருந்து வந்தவர்தான் செயலியே இல்லாத இந்தச் சில்லை யோசித்தார். அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டர் என்பது தங்கம் மாதிரி, சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய பொருள். நாளைக்கு அது மலிவாகிவிடும், அதனால் இன்றைக்கு வீணடிப்பது போலத் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது அவருடைய பந்தயம். பந்தயம் ஜெயித்தது. அதை முழுதாகப் பார்க்க அவர் இல்லை, 1989இல் காலமானார்.

டிரான்சிஸ்டர் மலிவாகிக்கொண்டே போகும் என்ற இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் நாலு சில்லுகளின் தலைவிதியை எழுதியது பெரும்பாலும் இதுதான்.

ஒரே நேரத்தில் நாலு முயற்சி

1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், நாலு நிறுவனங்கள் இந்தக் கல்யாணத்தை நடத்திப் பார்த்தன.

முதலாவது டிரைசெண்ட். 1997இல் தொடங்கிய சிறு நிறுவனம், இதற்காகவே பிறந்தது. அவர்களுடைய இ5 சில்லில் 8051 குடும்பத்து மைக்ரோகன்ட்ரோலர், அதாவது இன்டெல் 1980இல் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பழகிப்போன அதே கட்டமைப்பு. அதைச் சுற்றி மாற்றியமைக்கக்கூடிய தர்க்கக் கட்டங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பொதுப் பாதை. ஃபாஸ்ட்சிப் என்ற அவர்களுடைய மென்பொருளில் டைமர், சீரியல் போர்ட் போன்ற பாகங்களைப் பட்டியலில் இருந்து இழுத்துப் போட்டு நமக்கு வேண்டிய மைக்ரோகன்ட்ரோலரை நாமே சேர்த்துக்கொள்ளலாம். பின்னால் ஏ7 என்று ஆர்ம் செயலி வைத்த அண்ணனும் வந்தது.

இரண்டாவது அட்மெல். அவர்களிடம் ஏ.வி.ஆர். என்ற 8 பிட் செயலி இருந்தது. பிற்காலத்தில் ஆர்டுயினோ பலகைகள் மூலம் மாணவர்கள் எல்லாருக்கும் பழக்கமானதே, அதே குடும்பம். ஏ.டி.40கே என்ற சொந்த எஃப்.பி.ஜி.ஏ.வும் இருந்தது. இரண்டையும் சேர்த்து எஃப்பிஸ்லிக் என்று பெயர் வைத்தார்கள். 5,000 முதல் 40,000 கேட் வரை தர்க்கம், 36 கிலோபைட் வரை நினைவகம். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உள்ள எஃப்.பி.ஜி.ஏ.வின் வயரிங்கை அதுவே மாற்றி எழுதலாம். இன்றைக்குப் படித்தாலும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது ஆல்டெரா. 2000இல் எக்ஸ்காலிபர் என்ற பெயரில் ஒரே குடையின் கீழ் இரண்டு விஷயம் அறிவித்தார்கள். ஒன்று, 200 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் ஆர்ம்922டி செயலியை எஃப்.பி.ஜி.ஏ.வின் ஒரு ஓரத்தில் பட்டையாகப் பதித்த சில்லு. மற்றது நியாஸ், இது சில்லே இல்லை. சாதாரண எஃப்.பி.ஜி.ஏ.வின் தர்க்கக் கட்டங்களைக் கொண்டே கட்டிக்கொள்ளும் செயலி. முன்னதை உறுதிச் செயலி என்றும் பின்னதை மென்செயலி என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம்.

நாலாவது ஸைலிங்ஸ். 2002இல் ஐ.பி.எம்.முடன் சேர்ந்து விர்ட்டெக்ஸ்-2 புரோவில் பவர்பிசி 405 செயலிகளைப் பதித்தார்கள். ஆல்டெரா மாதிரி ஓரத்தில் இல்லை, தர்க்கக் கட்டங்களின் நட்ட நடுவே.

இந்த நாலில் எதுவும் தொடரவில்லை. 2004இல் டிரைசெண்டை ஸைலிங்ஸ் வாங்கியது, அந்தச் சில்லு வரிசை அத்தோடு முடிந்தது. எஃப்பிஸ்லிக்கை மேலே கொண்டுபோகவில்லை. எக்ஸ்காலிபரின் ஆர்ம் சில்லு ஒரு தலைமுறையோடு நின்றது. பவர்பிசி மட்டும் விர்ட்டெக்ஸ்-5 வரை தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் போனது.

ஏன் தோற்றன?

சில்லு மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு காரணம் எனக்குத் தெரிகிறது.

முதல் காரணம், ஒற்றைச் சில்லு என்று சொன்னது முழு உண்மை இல்லை. சாதாரண மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஃபிளாஷ் நினைவகம் இருக்கும், மின்சாரம் போனாலும் நிரல் அங்கேயே இருக்கும். அன்றைய எஃப்.பி.ஜி.ஏ.க்களில் பெரும்பாலானவை எஸ்ரேம் நினைவகத்தை நம்பியவை, மின்சாரம் போனால் வயரிங் மொத்தமும் மறந்துபோகும். ஃபிளாஷ் செய்யும் முறையும் வேகமான தர்க்கம் செய்யும் முறையும் ஒரே தட்டில் எளிதாகச் சேராது. அதனால் டிரைசெண்ட் இ5 ஆனாலும் சரி, எஃப்பிஸ்லிக் ஆனாலும் சரி, பக்கத்தில் இன்னொரு நினைவகச் சில்லு வைத்து, ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் நிரலையும் வயரிங்கையும் அதிலிருந்து ஏற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக்கப் போய் மறுபடி இரண்டு. நடுவில் ஓடும் கம்பியை ஒட்டுக்கேட்டால் மொத்த வடிவமைப்பும் திருடுபோகும் என்ற பயம் வேறு. பிறகு அட்மெல் நினைவகத்தையும் அதே உறைக்குள் வைத்து ஏ.டி.94எஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

இரண்டாவது, மென்செயலி. இதுதான் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் இயன் குவோன், ஜோனதன் ரோஸ் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. வெறும் தர்க்கச் சுற்று ஒன்றை நேரடியாகச் சிலிக்கனில் வார்ப்பதற்குப் பதில் எஃப்.பி.ஜி.ஏ.வில் கட்டினால் சராசரியாக 35 மடங்கு இடம் பிடிக்கும், மூன்று நாலு மடங்கு மெதுவாகும். இந்தக் கணக்குப்படி உறுதிச் செயலிதானே ஜெயிக்க வேண்டும்? ஆனா சின்ன செயலிக்கு 35 மடங்கு என்பதும் சின்னதுதான். ஸைலிங்ஸ் பொறியாளர் கென் சாப்மன் செய்த பிகோபிளேஸ் என்ற 8 பிட் மென்செயலிக்கு ஸ்பார்ட்டன்-3 வரிசையில் 96 ஸ்லைஸ் போதும். எக்ஸ்.சி.3எஸ்200 சில்லில் மொத்தம் 1,920 ஸ்லைஸ், நூற்றில் ஐந்து பங்கு. ஐந்து பங்கு இடத்தில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றால், அதற்காகத் தனியாக ஒரு சில்லு ரகமே எதுக்கு?

இதில் வியாபாரக் கணக்கும் உண்டு. உறுதிச் செயலி வைத்த சில்லை செயலி தேவைப்படுகிறவர் மட்டும்தான் வாங்குவார். வெறும் எஃப்.பி.ஜி.ஏ.வை எல்லாரும் வாங்குவார்கள். எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும், விலை இறங்கினால் மென்செயலிக்கு இன்னும் தாராளமாக இடம். டிரான்சிஸ்டரை வீணடிக்கலாம் என்ற ஃப்ரீமனின் பந்தயமே, எட்டு பிட் செயலியைச் சிக்கனமாகப் பதித்தவர்களைத் தோற்கடித்தது. ஆல்டெராவிலும் எக்ஸ்காலிபர் சில்லு போய், நியாஸ் 2004இல் நியாஸ்-2 ஆகி நீண்ட காலம் வாழ்ந்தது.

மூன்றாவது, வீட்டுக்கு யார் தலைவர் என்ற சண்டை. விர்ட்டெக்ஸ்-2 புரோவில் மின்சாரம் வந்ததும் முதலில் எஃப்.பி.ஜி.ஏ. விழிக்க வேண்டும். வயரிங் எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் பவர்பிசிக்கு வெளி நினைவகத்துக்குப் போகும் பாதையே கிடைக்கும். செயலி இங்கே ஒண்டுக்குடித்தனம். நிரல் எழுதுகிறவர் ஒரு வரியை ஓட்டிப் பார்க்கக்கூட, வன்பொருள்காரர் தன் வேலையை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இதில் எக்ஸ்காலிபர் சரியாக யோசித்திருந்தது. அதில் ஆர்ம் முதலில் எழுந்து, தானே எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு வயரிங் ஏற்ற முடியும். சரியாக யோசித்தும் தோற்றது, ஏன்னா நேரம் சரியில்லை. இந்தச் சில்லுகளின் பெரிய வாடிக்கையாளர்களான தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2001 சரிவில் சுருண்டுபோயின.

நாலாவது, கருவி. மைக்ரோகன்ட்ரோலருக்குச் சி மொழி, பிழைதிருத்தி. எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு வெரிலாக் அல்லது வி.எச்.டி.எல்., நேரக் கணக்கு. இரண்டு தொழிலும் தெரிந்த ஆள் அபூர்வம். இரண்டையும் சேர்க்கும் மென்பொருளை அந்த ஒரு நிறுவனம்தான் தரும். அந்த நிறுவனம் விற்கப்பட்டாலோ மனசு மாறினாலோ சில்லு கையில் இருக்கும், சாவி இருக்காது. என் பழைய இயந்திரத்துக்கு நடந்தது இதுதான்.

மறுபடியும் கல்யாணம், இந்த முறை ஒழுங்காக

2010இல் ஆக்டெல் நிறுவனம் ஸ்மார்ட்ஃப்யூஷன் கொண்டுவந்தது. அதில் இருந்த எஃப்.பி.ஜி.ஏ. ஃபிளாஷ் அடிப்படை. மின்சாரம் வந்த கணமே வயரிங் தயார், வெளியே தனி நினைவகம் வேண்டாம். உள்ளே 100 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-எம்3, அனலாக் அளவீட்டுச் சுற்றுகளும் சேர்த்து. முதல் காரணத்துக்கு இது நேரான பதில்.

2011இல் ஸைலிங்ஸ் ஸிங்க்-7000 வரிசையை அறிவித்தது. மூன்றாவது காரணத்துக்கு இது பதில். இரண்டு கார்டெக்ஸ்-ஏ9 செயலிகள், அவற்றுக்கே உரிய நினைவகக் கட்டுப்பாடு, ஈதர்நெட், யு.எஸ்.பி. எல்லாம் சிலிக்கனிலேயே வார்த்தது. முதலில் செயலி எழும், லினக்ஸ் ஓடும், வேண்டும்போது எஃப்.பி.ஜி.ஏ. பக்கத்தை எழுப்பும். நிரல் எழுதுகிறவருக்கு இது சாதாரணக் கணினி, பக்கத்தில் ஒரு உதவிக்காரர் இருக்கிறார், அவ்வளவுதான். தலைவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. இந்த அளவு பெரிய செயலியை மென்செயலியாகக் கட்டினால் அந்த 35 மடங்கு தாங்காது. அதனால் உறுதிச் செயலிக்கு இங்கே நியாயம் இருந்தது. ஆல்டெராவும் சைக்ளோன்-5 எஸ்.ஓ.சி. மூலம் அதே வழிக்கு வந்தது.

சின்ன பக்கத்தில் கதை வேறு மாதிரி திரும்பியது. எஃப்.பி.ஜி.ஏ.வுக்குள் மைக்ரோகன்ட்ரோலரை வைப்பதற்குப் பதில், மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஒரு சிட்டிகை தர்க்கத்தை வைக்கத் தொடங்கினார்கள். சைப்ரஸின் பிசாக் வரிசை அப்படி. 2021இல் வந்த ராஸ்பெரி பை ஆர்.பி.2040 சில்லில் பி.ஐ.ஓ. என்று இரண்டு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் நாலு குட்டி நிலைப்பொறிகள், ஒரு தொகுதிக்கு 32 கட்டளை இடம். எஃப்.பி.ஜி.ஏ.வோடு ஒப்பிட்டால் இது விளையாட்டுச் சாமான். ஆனா நான் மேலே சொன்ன என்கோடரை எண்ணும் வேலைக்கு ஒரு நிலைப்பொறி போதும். ஒரு தொகுதிக்கு நாலு, இரண்டு தொகுதிக்கு எட்டு. ஒரு டாலர் சில்லு.

நண்பரிடம் கேட்ட கேள்விகள்

மறுநாள் போனில் அவரிடம் எந்தச் சில்லின் பெயரையும் நான் சொல்லவில்லை. ஐந்து கேள்வி மட்டும் கேட்டேன்.

1. உங்களுக்கு எஃப்.பி.ஜி.ஏ. நிஜமாகவே வேண்டுமா? துடிப்பு எண்ணுவது மட்டும் என்றால் இன்றைய மைக்ரோகன்ட்ரோலரே செய்துவிடலாம்.

2. வேண்டும் என்றால், செயலிக்கு எவ்வளவு வேலை? கொஞ்சம்தான் என்றால் மென்செயலி போதும். லினக்ஸ் ஓட வேண்டும் என்றால்தான் பெரிய உறுதிச் செயலி.

3. மின்சாரம் வந்ததும் யார் முதலில் எழ வேண்டும்? எழும் வரை மோட்டார் கம்பிகள் என்ன நிலையில் இருக்கும்?

4. நிரலும் வயரிங்கும் எங்கே குடியிருக்கும்? உள்ளேயா, வெளியேயா? யாராவது நகல் எடுத்தால் பரவாயில்லையா?

5. பத்து வருஷம் கழித்து மென்பொருள் உரிமத்தை யாரிடம் கேட்பீர்கள்?

கடைசிக் கேள்வியில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அதைக் கேட்க எனக்குக் காரணம் இருந்தது. இந்தப் பதிவில் வந்த பெயர்களையே பாருங்கள். டிரைசெண்ட் 2004இல் ஸைலிங்ஸிடம், ஸைலிங்ஸ் 2022இல் ஏ.எம்.டி.யிடம். ஆல்டெரா 2015இல் இன்டெல்லிடம் விற்பதாக முடிவானது, 2025இல் அதன் பெரும்பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம். ஆக்டெல் 2010இல் மைக்ரோசெமியிடம், மைக்ரோசெமி 2018இல் மைக்ரோசிப்பிடம். அட்மெல்லும் 2016இல் அதே மைக்ரோசிப்பிடம்தான். கதையில் வந்த எந்த எஃப்.பி.ஜி.ஏ. நிறுவனமும் பழைய முதலாளியிடம் இல்லை. இதற்கு ஒரு சின்ன ஆறுதல், லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 சில்லுகளுக்கு 2015 முதல் ஐஸ்ஸ்டார்ம் என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது. உரிமம் கேட்க ஆளே இல்லாத நாளிலும் அது ஓடும்.

நண்பர் என்ன செய்தார்? துடிப்பு எண்ணுவதைத் தவிர, ஆறு மோட்டாரையும் ஒரே கணத்தில் நிறுத்தும் பாதுகாப்புச் சுற்றும் அவருக்கு வேண்டியிருந்தது. அதை நிரலை நம்பி விட மனசில்லை. அதனால் எஃப்.பி.ஜி.ஏ. இருந்தது. ஆனா இரண்டையும் தனித்தனியாகவே வைத்துவிட்டார், நடுவில் நாலு கம்பி. வெரிலாக்கில் எந்த நிறுவனத்தின் சிறப்புப் பாகமும் கலக்காமல் எழுதச் சொன்னேன். "இதுல ஒண்ணு நின்னுபோனா இன்னொன்னு தப்பிக்கும், அப்படித்தானே?" என்றார். அப்படித்தான்.

இதையே எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். பலகை உள்ளங்கையில் பாதி அளவுதான் இருக்க வேண்டும் என்றாலோ, கேமராவில் இருந்து வரும் படத்தைச் செயலியும் தர்க்கமும் மாறி மாறித் தொட வேண்டும் என்றாலோ, நாலு கம்பி போதாது. ஒரே சில்லுதான் சரி. அப்போதும் அந்த ஐந்தாவது கேள்விக்குப் பதில் எழுதி, வரைபடத்தோடு சேர்த்து ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள். அந்த மென்பொருளின் நிறுவல் கோப்பையும்தான். பத்து வருஷம் கழித்து அந்த இயந்திரத்துக்கு முன்னால் நிற்கப்போகிற ஆள் பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.